எங்கே போகிறீர்கள் என்று கேட்ட கிழமை

போக்குவரத்து ஆய்வுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி உங்கள் அதிகாரி கேட்டார். அதே பிரிவில் இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். வாகனங்களை எண்ணுவது எப்படி, எண்ணியதைப் பெருக்கிப் பிரித்து அறிக்கையாக்குவது எப்படி என்பதெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். அதில் வாய் வைக்க மாட்டேன். என் திறமைகளைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். அரைப் பக்கத்திலேயே எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. ஆகவே நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். பஸ்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்து கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. இனி யாரிடம் கேட்பது என்று தெரிந்துவிட்டதால் ஊர் ஊராக மனுக்கள் வந்து குவிந்தன. அவற்றில் ஒன்று துணுக்காய்க்கு அப்பாலிருந்த குடியேற்றத் திட்டம் ஒன்றிலிருந்து வந்தது. யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து காடு வெட்டி, வாய்க்கால் தண்ணீரில் நெல் விதைத்துக்கொண்டிருந்த சனம். மாங்குளம் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை, காலையில் போய் மாலையில் திரும்ப ஒரு பஸ் தாருங்கள் என்று எழுதி, கையெழுத்தும் பெருவிரல் அடையாளமுமாகப் பக்கம் நிரப்பியிருந்தார்கள்.

எங்கள் பிரிவுத் தலைவர் மனுக்களை நம்புகிறவர் அல்லர். "மனுவில் மனிதன் விரும்புவது இருக்கும். வீதியில் அவன் செய்வது இருக்கும். வீதியைக் கேட்டுக்கொண்டு வா," என்று என்னை அனுப்பினார். அவர் பேசுவது ஆங்கிலம். நான் தமிழில் சொல்கிறேன். ஒரு கிழமை, அதாவது ஏழு நாள், காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை, இடைவெளி விடாமல் அந்த வீதியில் போகிற ஒவ்வொருவரையும் மறித்து விபரம் எடுக்க வேண்டும். இடையில் நிறுத்தினால் அந்த நாள் செல்லாது. பெரும்பாலானவர்கள் மாங்குளம் வரை போகிறார்கள் என்றால் பஸ். பக்கத்து வயலுக்கும் கடைக்கும்தான் போகிறார்கள் என்றால் பஸ் இல்லை. விடயம் அவ்வளவுதான்.

இனி என் பிழை. நான் பிறந்து வளர்ந்தது வடமராட்சியில். வெளிக்கிட்டு, அதாவது புறப்பட்டு, நிற்கிற ஒருவரை எங்கே போகிறீர்கள் என்று கேட்கக் கூடாது என்பதை நடக்கப் பழகும்போதே பழகியவன். கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பார்கள். தூரமோ என்று கேட்கலாம். அவராக வாயைத் திறந்தால் கேட்டுக்கொள்ளலாம். தப்பித்தவறி யாராவது கேட்டுவிட்டால், போகிறவர் வீட்டுக்குத் திரும்பி, சற்று நேரம் இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் புறப்படுவார். சின்ன வயதில் இப்படிக் கேட்டு அம்மாவிடம் குட்டு வாங்கியவன் நான்.

அந்த நான்தான் கொழும்பில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, ஆங்கிலப் படிவத்தைத் தமிழாக்கி, முதலாவது கேள்வியாக "எங்கே போகிறீர்கள்?" என்று எழுதினேன். அச்சடித்த கேள்விக்குச் சகுனம் கிடையாது என்று எண்ணினேன் என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். உண்மை அதுவல்ல. அந்த மேசையில் இருந்தபோது எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. மொழிபெயர்ப்பு நன்றாக இருக்கிறது என்று சம்பள உயர்வுக்குப் பரிந்துரை வேறு கிடைத்தது.

வீதி ஓரத்தில் ஒரு பாலை மரத்தடியில் எங்களுக்குத் தென்னங்கிடுகுக் கொட்டில் போட்டுத் தந்தார்கள். உள்ளே ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு தண்ணீர்ப் பானை. எனக்குத் துணையாக வந்தவர் கணபதியர். வீதி திருத்துகிற தொழிலாளருக்குத் தலைவர், ஐம்பது வயதிருக்கும். சிவப்புக் கொடியைக் காட்டி ஆட்களை மறிப்பது அவருடைய வேலை, கேள்வி கேட்பது என்னுடையது. நாங்கள் வந்த ஜீப்போடு சாரதி மரநிழலில் நிற்பான்.

முதல் நாள் முதல் ஆள் ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, சால்வை, குடை, கையில் பொட்டலம், கமக்கட்டுக்குள் இடுக்கியபடி கால் கட்டிய சேவல் ஒன்று.

"எங்கே போகிறீர்கள்?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சும்மா," என்றார்.

"சும்மா என்றால் எங்கே?"

"சும்மா இஞ்சாலை. ஒரு அலுவல்."

சேவலோடும் குடையோடும் சும்மா போகிற மனிதரை நான் கண்டதில்லை. ஆனாலும் படிவத்தில் 'அருகில்' என்று எழுதினேன். அவருக்குப் பின்னால் வந்தவரும் கிட்டத்தான் போனார். அதற்கடுத்த பெண்கள் இருவரும் இதிலேதான், பக்கத்தில்தான் போனார்கள். ஒரு சைக்கிள்காரர் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போய், ஒரு மணித்தியாலம் கழித்து மறுபடியும் வந்தார். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் திரும்பினார். பிறகும் ஒருமுறை இதே கதை. அன்று அந்த ஒரு மனிதரை மூன்று பேராக எண்ணியிருக்கிறேன். சிலர் கொட்டிலைக் கண்டதும் காட்டுக்குள் இறங்கி, ஒற்றையடிப் பாதையால் சுற்றி அப்பால் ஏறிப் போனார்கள்.

இரண்டாம் நாள் கணபதியர் தலையைச் சொறிந்தார். "ஐயா, உந்தக் கேள்வியைக் கொஞ்சம் பின்னுக்குக் கேட்டால் என்ன?"

"படிவத்தில் முதல் கேள்வி அதுதான் கணபதியர். வரிசையை மாற்றக்கூடாது."

"ஓம், அதுவும் சரிதான்," என்று அவர் கொடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொழும்பிலிருந்து படித்தவன் வந்து கேட்கிறான், அதற்கு மேல் சொல்ல அவருக்கு என்ன வந்தது? அன்று பின்னேரம் படிவங்களை அடுக்கிப் பார்த்தேன். என் கணக்கின்படி அந்த வீதியில் ஏராளமான சனம் போய்வந்தது. ஆனால் எவரும் எங்கேயும் போகவில்லை. எனக்குச் சனத்தின் மேல் எரிச்சல் வந்தது. பஸ் வேண்டும் என்று மனு எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லையே என்று சாரதியிடம் புறுபுறுத்தேன். பிழை என்னுடையது என்று அப்போதும் புரியவில்லை.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணியிருக்கும். கூடாரம் போட்ட மாட்டு வண்டில் ஒன்று துணுக்காய்ப் பக்கமிருந்து விரைவாக வந்தது. ஓட்டி வந்த இளைஞனின் முகத்தில் களை இல்லை. கணபதியர் கொடியைத் தூக்கத் தயங்கினார். நான் கையைக் காட்டினேன், மறிக்கச் சொல்லி. வண்டில் நின்றது. உள்ளே யார் என்று எட்டிக்கூடப் பார்க்காமல், பலகையில் படிவத்தை வைத்து, பென்சிலைத் தயாராகப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"எங்கே போகிறீர்கள்?"

அந்த இளைஞன் பதில் சொல்லவில்லை. கூடாரத்துக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல்தான் கேட்டது.

"ஐயோ, கேட்டுப்போட்டினம்! திருப்புங்கோ. வண்டிலைத் திருப்புங்கோ!"

அப்போதுதான் உள்ளே பார்த்தேன். வைக்கோலுக்கு மேலே பாய் விரித்து ஒரு பெண் படுத்திருந்தாள். இருபது இருபத்திரண்டு வயதிருக்கும், நிறைமாதம். அவள் தலைமாட்டில் ஒரு நடுத்தர வயதுப் பெண், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகியபடி இருந்தார். அவர் அந்தக் குடியேற்றத்து மருத்துவிச்சி, பாக்கியம் அக்கா. படுத்திருந்தவள் தவமணி. வண்டில் ஓட்டி வந்தவன் அவள் கணவன் நடேசன். இந்தப் பெயர்களெல்லாம் பிறகுதான் தெரிந்தன. அந்த நேரத்தில் தெரிந்தது ஒன்றுதான்: அந்தப் பெண் பயத்தில் நடுங்கிக்கொண்டிருந்தாள், அதற்குக் காரணம் நான்.

"விசரோ உனக்கு?" என்றார் பாக்கியம் அக்கா. "பிள்ளை குறுக்கை கிடக்கு. வீட்டை திரும்ப மூண்டு கட்டை, பிறகு இவ்விடம் வர மூண்டு கட்டை. அதுக்குப் பொழுது இருக்கே?"

கட்டை என்றால் மைல். ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்து இன்னும் ஏழு மைல் இருந்தது.

"போன முறையும் வழியிலை மறிச்சுக் கேட்டவை அக்கா. பிள்ளை செத்துத்தானே பிறந்தது. நான் போக மாட்டன். திருப்பச் சொல்லுங்கோ." அவள் கூடாரத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டு எழும்பி இறங்கப் பார்த்தாள். வண்டில் திரும்பாவிட்டால் நடந்தே திரும்புவேன் என்றாள். நடேசன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளையும் வீதியையும் மாறி மாறிப் பார்த்தான்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? விளக்கம் சொன்னேன். இது அரசாங்கக் கேள்வி அம்மா, எல்லாரிடமும் கேட்பதுதான், இதற்கும் சகுனத்துக்கும் சம்பந்தமில்லை, இதெல்லாம் மூட நம்பிக்கை என்று பாடம் எடுக்கத் தொடங்கினேன். பாக்கியம் அக்கா என்னை முடிக்க விடவில்லை.

"தம்பி, உங்கட படிப்பை மடிச்சு வையுங்கோ. அவளுக்கு நெஞ்சு அடைக்குது. இப்பிடிப் பயந்துகொண்டு போனால் ஆஸ்பத்திரி மட்டும் தாங்க மாட்டாள்."

சரி, பிழை எதுவாக இருந்தாலும் அதைத் திருத்த ஒரு வழி இருக்கத்தானே வேண்டும் என்று தோன்றியது. "இதுக்கு என்ன பரிகாரம் அக்கா?" என்று கேட்டேன். அந்தக் கிழமையில் நான் கேட்ட முதல் ஒழுங்கான கேள்வி அதுதான்.

"உங்களுக்குத் தெரியாதே? வீட்டை போய், இருந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சுப்போட்டு வெளிக்கிடோணும்."

"அவளுடைய வீட்டுக்கேதான் போகவேணுமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "உரித்தான சொந்தக்காரரின்ரை வீடெண்டாலும் சரி. ஆனால் அவளுக்கு இஞ்சை ஆர் இருக்கினம்?"

நான் கொட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். நாலு கம்பு, நாலு பக்கமும் கிடுகு. பிறகு கூடாரத்துக்குள் தலையை நீட்டி, படிவத் தமிழை விட்டுவிட்டு என் தாய்த் தமிழில் சொன்னேன்.

"தங்கச்சி, நான் கேட்டது பிழை. எனக்குத் தெரிஞ்சிருக்கோணும், தெரிஞ்சும் கேட்டுப்போட்டன். உது என்ரை கொட்டில். மூண்டு நாளாய் நான் உதுக்கைதான் இருக்கிறன், சாப்பிடுறன். நான் உனக்கு அண்ணன் எண்டால் உது உன்ரை அண்ணன் வீடு. இறங்கி வா. வந்து இருந்து, தண்ணி குடிச்சுப்போட்டு என்ரை வாசலிலையிருந்து வெளிக்கிடு."

அண்ணன் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் நடுக்கம் நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்த்தாள்.

"வீடெண்டால் விளக்கு வேணுமே," என்றாள்.

எங்களிடம் விளக்கு ஏது? கணபதியர் கொடியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். வீதி வெட்டிய இடங்களில் இரவில் தொங்கவிடுகிற சிவப்புக் கண்ணாடி லாந்தர் ஒன்று அவருடைய சாமான்களோடு கிடந்தது. அதை எடுத்து வந்து, மேசையில் கிடந்த என் படிவங்களையெல்லாம் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, நடுவில் வைத்து ஏற்றினார். பட்டப்பகலில் சிவப்பு விளக்கு எரிந்தது. மடியிலிருந்த திருநீற்றுப் பையை அவிழ்த்து அதன் முன்னால் வைத்தார். சாரதி தன் பாட்டில் வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்தான். நான் அவனுக்குச் சொல்லவில்லை.

தவமணியை நடேசனும் பாக்கியம் அக்காவும் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். கொட்டிலுக்குள் வலது காலை வைத்து வந்தாள். கதிரையில் இருந்தாள். பானையில் தண்ணீர் அள்ளி என் செம்பில் கொடுத்தேன். அவள் மூன்று மிடறு குடித்தாள். கணபதியர் திருநீறு பூசிவிட்டார். நாங்கள் எல்லோரும் வாசலில் வந்து நின்றோம், வீட்டு ஆட்கள் வழியனுப்ப நிற்பது போல.

"சரி அண்ணை, போட்டு வாறன்," என்றாள்.

"போட்டு வா," என்றேன்.

வண்டிலில் போனால் மாங்குளத்துக்கு இரண்டு மணித்தியாலம் பிடிக்கும். ஜீப்பில் இருபத்தைந்து நிமிடம். ஆய்வு ஜீப்பில் வெளியாரை ஏற்றக்கூடாது, அதிகாரி இல்லாமல் ஜீப் அசையக்கூடாது, எண்ணிக்கை நடக்கும்போது அதிகாரி இடத்தை விட்டு அகலக்கூடாது என்று மூன்று விதிகள் இருந்தன. அண்ணன் வீட்டிலிருந்து போகிறவள் அண்ணனுடைய வாகனத்தில்தானே போகவேண்டும் என்று சொல்லி ஜீப்பின் பின்கதவைத் திறந்துவிட்டேன்.

"ஐயா, இண்டையான் கணக்கு?" என்றார் கணபதியர்.

"மூடுங்கோ," என்றேன். மாடுகளோடு வண்டிலை ஊரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது தன் பொறுப்பு என்றார் அவர்.

சாரதி மேடு பள்ளம் பார்த்து ஓட்டினான். வழியில் தவமணி கண்ணை மூடிக்கொண்டு அமைதியாகக் கிடந்தாள். பாக்கியம் அக்கா என் காதோடு சொன்னார்: "உங்களுக்குத் தெரிஞ்சோ தெரியாமலோ அண்ணன் எண்டிட்டியள் தம்பி. வீட்டாருக்குச் சொல்லாமல் இவனோடை வந்தவள். ஒரேயொரு தமையன். நாலு வருசமாய் இந்தப் பக்கம் எட்டியும் பாக்கேல்லை." எனக்குத் தெரியாது. வாய்க்கு வந்த உறவைச் சொன்னேன், அவ்வளவுதான்.

மாங்குளத்தில் டாக்டர் பார்த்துவிட்டு, இங்கே வைத்திருக்க ஏலாது, வவுனியாவுக்கே கொண்டுபோக வேண்டும் என்று உடனே ஆஸ்பத்திரி வாகனத்தை வரவழைத்தார். மூவரும் அதில் ஏறினார்கள். வாகனம் கண்டி வீதியில் தெற்கே திரும்பிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் எங்கே போகிறார்கள் என்று அன்று யாரையும் கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

அன்று பின்னேரம் நானும் கணபதியரும் கொட்டிலில் இருந்து யோசித்தோம். போகிறவரைக் கேட்கக்கூடாது, சரி. வருகிறவரைக் கேட்கலாமே? காரியம் முடிந்து வீட்டுக்குத் திரும்புகிறவரிடம், எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டால் என்ன குறை? மறுநாள் காலையில் போனவர்களைச் சும்மா விட்டோம். கணபதியர் வணக்கம் மட்டும் சொன்னார். பின்னேரம் திரும்பியவர்களைத் தண்ணீர் கொடுத்து இருத்திக் கேட்டேன். அப்பா, அந்தச் சனம் எப்படிக் கதைக்கும் என்று அன்றுதான் தெரிந்தது! சேவல் கொண்டுபோன பெரியவர் மகளின் மாமியாரை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போய், சேவலைச் சம்பந்தி வீட்டில் கொடுத்துவிட்டு வந்த கதையை அரை மணித்தியாலம் சொன்னார். சைக்கிள்காரர் தன் தாய்க்கு மருந்து எடுக்கப் போய்வந்தவர். மூன்று தரம் திரும்ப வைத்ததற்கு என்னை மன்னித்துவிட்டதாகவும் சொன்னார். எல்லோரும் மாங்குளத்துக்கும் அதற்கு அப்பாலும்தான் போயிருந்தார்கள். படிவத்தில் இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதினேன்.

ஒவ்வொரு நாளும் பொழுதுபடும் வரை நான் வேறொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மாங்குளப் பக்கமிருந்து அந்த மூன்று பேரும் வருகிறார்களா என்று. வரவில்லை. ஊரிலும் ஒரு சேதியும் இல்லை. கிழமை முடிந்தது. கொட்டிலைப் பிரித்தார்கள். நான் கொழும்புக்குப் போய்விட்டேன்.

இரண்டு மாதத்துக்கு மேல் பிடித்தது அறிக்கை முடிக்க. முதல் இரண்டு நாள் கணக்கும் பொய், மூன்றாம் நாள் கணக்கே இல்லை என்று ஒளிக்காமல் எழுதி, ஏன் என்பதையும் எழுதியிருந்தேன். தலைவர் என்னைக் கூப்பிட்டார். வேலை போகாவிட்டாலும் சம்பள உயர்வாவது போகும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் அறிக்கையைக் கடைசிப் பக்கம் வரை படித்திருந்தார். ஜீப்பைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

"திரும்பி வந்தவர்களை மட்டும் கேட்டிருக்கிறாய்," என்றார்.

"ஓம் சேர்."

"திரும்பி வராதவர்கள்?"

ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்குப் போய்ச் சேராதவர், போயும் பிழைக்காதவர், வழி இல்லையென்று வீட்டிலேயே கிடந்தவர், இவர்களில் ஒருவரும் என் கொட்டிலைப் பின்னேரம் கடந்திருக்க மாட்டார்கள். பஸ் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களைத்தான் நான் எண்ணவில்லை.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பெண் திரும்பி வந்தாளா?" என்று கேட்டார்.

"தெரியாது சேர்."

"அப்படியென்றால் ஆய்வு முடியவில்லை," என்று சொல்லி, அறிக்கையை என்னிடமே தள்ளிவிட்டு, இன்னும் ஒரு கிழமைக்கு அனுமதி எழுதிக் கையெழுத்திட்டார். அந்த மனிதர் என்னிடம் ஒருநாளும் அன்பாகப் பேசியதில்லை. அந்தக் கையெழுத்தை நான் மறக்கவும் இல்லை.

இந்த முறை கொட்டில் இல்லை, கொடி இல்லை. குடியேற்றத்துக்குள் வீடு வீடாகப் போனேன். கணபதியர் கூட வந்தார். சில வீடுகளில் போனவர்கள் திரும்பவில்லை என்று சொன்னார்கள். எந்தத் தேதி, என்ன நோய் வருத்தம், எத்தனை மணிக்கு வண்டில் கட்டினார்கள் என்பதையெல்லாம் அவர்கள் மறந்திருக்கவில்லை. எழுதிக்கொண்டேன். அந்த வீதியில் பஸ் ஓடியது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். காலையில் போய் மாலையில் திரும்பும் ஒரு பஸ். அதை வாங்கித் தந்தவை அந்த வீடுகளில் எழுதிய பக்கங்கள்தான். நான் வீதியில் எண்ணிய எண்ணிக்கை அல்ல.

ஒரு வீட்டை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். கணபதியருக்கும் தெரியும், அவரும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசி நாள் வேறு வீடு மிச்சமில்லை. நடேசனின் வளவு வாசல் படலையில் போய் நின்றேன். கூடாரம் கழற்றிய வண்டில் முற்றத்தில் நின்றது. உடுப்புக் கொடியில் நடேசனின் சாரம் மட்டும் காய்ந்தது. கிழமைக் கணக்கில் ஊரையே கேள்வி கேட்டவன், அந்தப் படலையில் நின்று ஒரு சொல் கூப்பிட முடியாமல் நின்றேன்.

கிணற்றடிப் பக்கமிருந்து பாக்கியம் அக்கா வாளியோடு வந்தார்.

"ஆரது படலையிலை? ஓ! மாமனுக்கு இப்பதான் வழி தெரிஞ்சதோ?"

"அவா..." என்று இழுத்தேன்.

"ஆர் அவா? உன்ரை தங்கச்சி குசினிக்கை சமைச்சுக்கொண்டு நிக்கிறாள். பிள்ளை தவமணி, இஞ்சை வந்து பார், ஆர் வந்திருக்கிறதெண்டு!"

தவமணி வந்தாள். மெலிந்திருந்தாள். தோளில் ஒரு பெண் குழந்தை நித்திரை. படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவள் சிரிக்கவில்லை. கோபமாக இருந்தாள்.

"ஆஸ்பத்திரியாலை வரேக்கை முதல் உங்களிட்டைத்தான் அண்ணை வந்தனாங்கள். வண்டிலை நிப்பாட்டிப்போட்டுப் பார்த்தால் வீட்டைக் காணேல்லை. ஒரு சொல்லுச் சொல்லாமல் போட்டியள்."

"எனக்கு... வேலை முடிஞ்சுது தங்கச்சி."

"முப்பத்தொண்டுக்கு வருவியள் எண்டு பார்த்துக்கொண்டிருந்தன். வரேல்லை."

எங்கள் பக்கத்தில் குழந்தை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்கு, அதாவது தீட்டு, கழித்து, தாய்மாமன் அரைநாண் கட்டுவது வழக்கம். குழந்தையின் இடுப்பைப் பார்த்தேன். வெறும் இடுப்பு.

"இவர் தான் கட்டுறன் எண்டவர்," என்றாள் தவமணி, பின்னால் வந்து நின்ற நடேசனைக் காட்டி. "நான் விடேல்லை. இவளுக்கு மாமன் இருக்கேக்கை தகப்பன் ஏன் கட்டவேணும்?"

நடேசன் நிலத்தைப் பார்த்துச் சிரித்தான். திரும்பி வராதவர்களைத் தேடி அவ்வளவு தூரம் வந்திருந்தேன். அந்த வீட்டின் கணக்கில் திரும்பி வராதவன் நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. பிள்ளைகளே, வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: நாம் கேட்டு எழுதிக்கொண்டு போய்விடுகிறோம், கேட்கப்பட்டவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். ஒருமுறையாவது திரும்பிப் போங்கள்.

பாக்கியம் அக்கா சாமிப்படத்தடியிலிருந்து கறுத்த நூலை எடுத்து வந்தார். அது அவ்வளவு நாளும் அங்கேயே இருந்திருக்கிறது. என்னைப் பாயில் இருத்தி, குழந்தையை மடியில் கிடத்தினார்கள். பென்சில் பிடித்துப் பழகிய விரல்கள்; முடிச்சு இரண்டு முறை நழுவியது.

"கொழும்பிலை உதுவும் படிப்பிக்கேல்லையோ?" என்றார் பாக்கியம் அக்கா.

மூன்றாம் முறை முடிச்சு நின்றது. தவமணி குனிந்து, ஒரு விரலால் நூலை இழுத்துப் பார்த்தாள்.

"காணும் அண்ணை, இறுக்கம் போதும்," என்றாள். "இனி இவளுக்கு மாமன் இருக்கிறார்."